மழை வீட்டின் கடைசிக் கதவு

ஹெட்போனின் ஒரு வளையம் என் வலது காதிலும் மற்றொன்று ராபர்ட் அண்ணனின் இடது காதிலும் இருக்கும். பஞ்சு கிழிந்துபோன அந்தப் பழைய ஹெட்போனில், கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த அந்த பிரவுசிங் சென்டருக்கு வந்துபோன அத்தனை தலைகளின் எண்ணெய் வாசமும் ஏறியிருக்கும், அதற்குள்ளிருந்து மழை கேட்கும். வெளியே மே மாத வெயிலில் லாரிகள் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் போக, மின்விசிறிக் காற்று எட்டாத பிளைவுட் தடுப்புக்குள் வியர்த்து ஊற்றியபடி, ஜப்பான்காரன் யாரோ செய்துவைத்த ஒரு மழையை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம். மவுஸ் அவன் கையில் இருக்கும். அந்தக் கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சின்ன வயது நினைவுகளை எழுதுகிறவர்கள் கடைசிப் பத்திக்கு வருவதற்குள் எப்படியோ மனம் இளகி எல்லாரையும் மன்னித்துவிடுகிறார்கள். அப்படி ஒன்றை எதிர்பார்த்து இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. பூசையில் எல்லாரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரி வரும் இடத்தில் நான் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் மன்னிக்கச் சொல்வார், பிறகு மன்னித்துத் தொலைய வேண்டியிருக்கும்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட "லைன் வீடுகள்" ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். அதில் ஒன்று எங்களுடையது, பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. என் அப்பா, நான் நைனா என்பேன், இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தார். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். பெரியப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்வந்தார். அவருடைய ஒரே மகன்தான் ராபர்ட், என்னைவிட மூன்று வயது பெரியவன். இரண்டு தலைமுறைக்கு முன் ஆரம்பாக்கம் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. கம்பெனிகள் வந்த பிறகு எங்களுக்குப் பொழுது விடிவதும் அடைவதும் சூரியனைப் பார்த்து அல்ல, கம்பெனிகள் ஊதும் "சங்கு" கேட்டுத்தான். காலை ஆறுக்கு ஏ ஷிப்ட், எட்டுக்கு ஜெனரல், மதியம் இரண்டுக்கு பி ஷிப்ட், ஐந்துக்கு ஜெனரல் ஷிப்ட் விடும் நேரம், ராத்திரி பத்துக்கு சி ஷிப்ட். எங்கள் லைனில் கைக்குழந்தைக்குக்கூட இந்த வரிசை தெரியும் என்று அம்மா சொல்வாள், அது பொய்யில்லை.

பிரவுசிங் சென்டரை நடத்தியவர் ஜாபர் பாய். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, மீனும் இறாலும் வேண்டாம் என்று கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டவர். கீழே ஜெராக்ஸ், லேமினேஷன், திரைச்சீலை தொங்கும் கேபின்கள்; மாடியில் சனி ஞாயிறு கம்ப்யூட்டர் வகுப்பு. பையன்கள் எந்த நேரத்திலும் வரலாம், எந்த கேபினிலும் உட்காரலாம். பெண் பிள்ளை என்றால் கூடவே வீட்டு ஆண் ஒருவன் "தொணை"க்கு வர வேண்டும். இது பாய் போட்ட சட்டமில்லை, ஊரே சேர்ந்து போட்டது. "பொம்பள புள்ள ஒத்தையா அந்தக் கடைக்குள்ள நொழஞ்சா நாளைக்கு நம்மளத்தான் பேசுவானுங்க" என்பார் நைனா. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்ட அதே வெள்ளைக் கவுனோடு, ராபர்ட் அண்ணன் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்து அங்கே போவேன். ஒரு வாரத்துக்கு எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

நாங்கள் போனது "ரூம் கேம்" ஆடுவதற்கு. இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்க வேண்டாம், ஏற்றி வைக்கவும் வேண்டாம். பிரவுசரில் முகவரியை அடித்தால், ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்பி, ஓர் அறை திறக்கும். அந்த அறையில் நீங்கள் பூட்டப்பட்டிருக்கிறீர்கள். சுட வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை, எதிரி என்று யாரும் கிடையாது. மேசை இழுப்பறை, தலையணை, படத்தின் பின்பக்கம், பூந்தொட்டி என்று ஒவ்வொன்றாக மவுஸால் தொட்டுப் பார்த்து, கிடைக்கும் சாவியையும் துண்டுச் சீட்டையும் திருகாணியையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளியே வர வேண்டும். பொறுமையும் கண்ணும் இருந்தால் போதும். எனக்கு இரண்டும் இருந்தன. ராபர்ட்டுக்கு மவுஸ் இருந்தது.

ஆமாம், அது அவனுக்கென்றே எழுதிவைத்த மாதிரி. கேபினில் நாற்காலி ஒன்றுதான், அதில் அவன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். "தலகாணிக்கு அடில பாருண்ணா", "அந்தப் படத்த திருப்பு", "இல்ல இல்ல, மொதல்ல வெளக்க அணை, அப்பத்தான் சொவத்துல எழுத்து தெரியும்" என்று நான் கிசுகிசுப்பேன், அவன் அழுத்துவான். நான் கை நீட்டினால் தட்டிவிடுவான். "நீ அழுத்துனா கெட்டுப்பூடும்" என்பான். கதவு திறந்ததும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு எழுந்து நின்று, "வந்துட்டேன்டா வெளிய!" என்று கத்துவான். மற்ற கேபின்களிலிருந்து தலைகள் நீளும். ஆகஸ்ட் வருவதற்குள் பஜாரில் அவனுக்கு "ரூம் ராபர்ட்" என்று பெயர் விழுந்துவிட்டது. சைக்கிள் கடைப் பையன்கள்கூட வழி மறித்து, பூட்டிய அறை எதிலாவது மாட்டிக்கொண்டதாகச் சொல்லி வழி கேட்பார்கள். அவன் ரொம்ப யோசிப்பவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்பான். எனக்கு அப்போது அது கோபமாகக்கூட இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு வந்தது அந்த விளையாட்டு. அதன் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, அதில் எப்போதும் மழை பெய்துகொண்டிருந்ததால் நாங்கள் எல்லாரும் "மழ ஊடு" என்றே சொன்னோம். ஒரே அறை இல்லை, ஐந்து அறைகள். ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு கடிகாரம், எல்லாமே நின்றுபோனவை. கூரை ஒழுகும், தரையில் ஒழுகலுக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், அதைத் தொட்டால் "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து ஞாயிறுகள் போராடி நான் ஐந்து அறைகளையும் தாண்டினேன். நான் என்றே சொல்கிறேன், இனி யாருக்கும் பயந்து "நாங்கள்" என்று சொல்லப்போவதில்லை. கடைசியில் தெருவுக்குப் போகும் கதவு இருந்தது. அதில் வரிசையாக ஐந்து குட்டி முகப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். ஐந்து கடிகாரங்கள் காட்டிய நேரத்தைச் சரியான வரிசையில் அவற்றில் வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் கதவிடுக்கு வழியே வெள்ளம் புகுந்து திரை முழுகி, முதல் அறையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கடிகாரங்கள் காட்டிய நேரம் என்ன தெரியுமா? ஆறு, எட்டு, இரண்டு, ஐந்து, பத்து. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட சுலபமான புதிர் உலகத்தில் கிடையாது! சங்கு ஊதுகிற வரிசை. அந்தக் கதவு வரை வந்துசேர்ந்த ஒவ்வொருவனும் துள்ளிக் குதித்து ஆறு, எட்டு, இரண்டு, ஐந்து, பத்து என்று வைத்தான், ஒவ்வொருவனும் வெள்ளத்தில் முழுகினான். ராபர்ட்டும் முழுகினான். ஜப்பானில் இருக்கிற ஒருவனுக்கு நம் சிப்காட் சங்கு எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள், எங்களுக்குத்தான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கும் அதே புரியாத எழுத்துதான் கிடைத்தது. கேமில்தான் கோளாறு என்று பஜார் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஜாபர் பாய் நல்ல வியாபாரி. இந்தப் பேச்சை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் பெரிய மானிட்டரில் மழ ஊடு ஆட்டம் என்றும், கடைசிக் கதவைத் திறப்பவருக்கு மாடி வகுப்பில் ஓர் இடம் இலவசம் என்றும் அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். நான் அந்த அட்டையைப் படித்துவிட்டு அங்கேயே நின்றேன். மாடி வகுப்பை ஒரு தரம் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். வரிசையாக மேசைகள், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு மவுஸ். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று உண்டு, அது எப்போதும் பூட்டியே கிடக்கும். எனக்கு அப்போது பட்டமோ வேலையோ எதுவும் ஆசை இல்லை. யாரும் கையைத் தட்டிவிடாமல் நானே ஒரு மவுஸைப் பிடித்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் ராபர்ட்டே பேச்சை எடுத்தான். "தோ பாரு எஸ்தரு, பேரு எனக்கு, சீட்டு உனக்கு. அந்த கிளாஸுக்குலாம் போய் குந்திக்கினு இருக்க நம்மளால ஆவாது. நீ பக்கத்துல நின்னு சொல்லிக்கினே இரு, நான் அடிக்கிறேன்." எனக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது. அப்படியொரு அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றைப் போட்டாள்.

அவன் மனம் எங்கே திரும்பியது என்று எனக்குத் தெரியும். நவம்பரில் ஒரு ஞாயிறு, பாய் எங்கள் கேபின் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "ஏம்பா ராபர்ட், ஆடறது அந்தப் பொண்ணு தானே, நீ வெறும் கை தானே" என்று சிரித்தார். கேபின்களிலிருந்து ஒரே சிரிப்பு. அன்று வீட்டுக்குப் போகும் வரை ராபர்ட் என்னோடு பேசவில்லை. போட்டி நாளில் ஊரே பார்க்க நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் "ரூம் ராபர்ட்" என்ற பெயர் என்ன ஆகும் என்று அவன் கணக்குப் போட்டிருப்பான். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகும். ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைப்பதும் நிரம்பினால் கொண்டுபோய்க் கொட்டுவதும் எல்லா வீட்டிலும் பெண் பிள்ளையின் வேலை. பெரியப்பா வீட்டில் பெண் பிள்ளை இல்லாததால் அங்கேயும் நான்தான் போய் வைத்துவிட்டு வருவேன். ராபர்ட் கட்டிலில் கால் நீட்டியபடி, "அந்தாண்ட ஒண்ணு ஒழுவுது பாரு" என்று கைகாட்டுவான். அன்று பள்ளி விட்டு வந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். குண்டான் விளிம்பு வரை நிரம்பியிருந்தது, சொம்பில் பாதி, டம்ளரில் கால் பாகம். எந்த ஓட்டை முதலில் திறந்தது, எது அப்புறம், எது இப்போதுதான் என்று அந்தத் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். குண்டானைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். மழ ஊட்டின் ஐந்து கிண்ணங்களும் கண் முன்னால் வந்தன, ஒவ்வொன்றிலும் தண்ணீர் வேறு வேறு அளவு, அதுவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும்! நின்றுபோன கடிகாரம் எந்த நேரத்தைத்தான் சொல்லும்? வரிசையைச் சொல்வது தண்ணீர்தான். நிரம்பிய கிண்ணத்து அறையின் நேரம் முதலில், காய்ந்த கிண்ணத்து அறையின் நேரம் கடைசியில். சங்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ராபர்ட்டிடம் சொல்ல ஓடினேன். அவன் வீட்டில் இல்லை. வீடுகளுக்குப் பின்னால் கைப்பம்பு இருக்கும், அங்கே பேச்சுக் குரல் கேட்டது. சுவர் முனையில் திரும்பப் போனவள் என் பெயர் காதில் விழுந்ததும் நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நைனாவிடம் ராபர்ட் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்றேன்னு கோச்சிக்காத சித்தப்பா. அவ அங்க வந்து கேம் எங்க ஆடறா, பசங்க கூட பேசிக்கினு சிரிச்சிக்கினு கீறா. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா என் தலதான் உருளும். எனக்கு எதுக்கு இந்த பேஜாரு? இனிமே நான் அவள இட்டுக்கினு போவல."

நைனா பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், தண்ணீர் காலில் வழிந்துகொண்டே இருந்தது. எனக்குள் தொண்டை வரை வந்திருந்த விடையை நான் அந்தச் சுவரோரமே விழுங்கினேன். அந்த வயதில் எனக்கு எதையும் அடக்கத் தெரியாது, ஒரு நல்ல செய்தி வந்தால் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அன்று மட்டும் அடக்கினேன். இவனுக்கு இதைச் சாகும்வரை சொல்லக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"நாளைலேந்து பஜார் பக்கம் போனா கால ஒடச்சிடுவேன்" என்று மட்டும் நைனா ராத்திரி சொன்னார். நான் அழுதேன், யாரோடும் பேசவில்லை என்று சத்தியம் செய்தேன். "உன்ன யாரும் கேக்கல" என்றாள் அம்மா. ஓர் ஆண் பிள்ளை சொல்லிவிட்டால் பெண் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் எங்கள் லைனில் இல்லை.

போட்டிக்கு ராபர்ட் தனியாகப் போனான், காலர் வைத்த புதுச் சட்டை போட்டுக்கொண்டு. நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு அடியும் அவனுக்கு மனப்பாடம், அதனால் ஐந்து அறைகளையும் சடசடவென்று தாண்டி எல்லாருக்கும் முதலில் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டான். முதலில் சங்கு வரிசையை வைத்தான், முழுகினான். திரும்ப வந்து தலைகீழாக வைத்தான், முழுகினான். ஜாபர் பாய், "தங்கச்சி எங்கப்பா?" என்று கேட்டாராம். எனக்கு இதெல்லாம் பக்கத்து லைன் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். அன்று சாயங்காலம் அவன் எங்கள் வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "அதுல வேற எதுனா தெரிஞ்சா சொல்லு" என்றான். "எனக்கு இன்னாண்ணா தெரியும், நான் அங்க பேசிக்கினு சிரிச்சிக்கினுதானே இருந்தேன்" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் கேட்டுவிட்டேன் என்று அவனுக்குப் புரிந்தது, எனக்கு விடை தெரியும் என்பதும் புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் கதை அவ்வளவுதான்.

கதவு திறக்கவில்லை, ஆகவே பாய் அந்த அட்டையைக் கழற்றவும் இல்லை. நான் எட்டாம் வகுப்பு விடுமுறையில் தொடங்கிய விளையாட்டு, ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றுபோய், பத்தாம் வகுப்பு முடியும் வரை மனத்துக்குள்ளேதான் நடந்தது. தோசை ஊற்றும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முதல் அறையிலிருந்து கடைசிக் கதவு வரை கண்ணை மூடிக்கொண்டு ஆடுவேன், ஒரு சாவிகூட மறந்துபோகக் கூடாது என்று. ராபர்ட்டைக் கண்டால் பேசமாட்டேன். மழை வந்தால் கொடியில் கிடக்கும் எல்லார் துணியையும் எடுப்பேன், அவன் சட்டையை மட்டும் விட்டுவிடுவேன். பெரியப்பா வீட்டில் பாத்திரம் வைக்கப் போனால் அவன் கட்டிலுக்கு மேலே ஒழுகும் இடம் மட்டும் என் கண்ணுக்குத் தெரியாது. இவையெல்லாம் சில்லறைப் பழிகள், எனக்கு இவற்றால் வயிறு நிறையவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு அப்போதெல்லாம் பிரவுசிங் சென்டரில்தான் பார்க்க வேண்டும். அன்று நைனா விடுப்பு எடுத்துக்கொண்டு அவரே என்னை ஜாபர் பாய் கடைக்கு அழைத்துப் போனார். உள்ளே கால் வைக்க இடமில்லை, பாய் எண்ணைக் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். என் மதிப்பெண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்று நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் குறையும் வரை எங்களை உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம், "ஏம்மா, அட்டை இன்னும் அங்கியே தொங்குது. ஆடறியா?" என்றார்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் அவருக்குப் புரியும்படி சொன்னார்: "உங்க பொண்ணு இங்க வந்த நாளெல்லாம் ஸ்கிரீன்லேந்து கண்ண எடுத்ததில்லைங்க. இந்த பசங்கள்ல ஒருத்தன் பேர்கூட அதுக்குத் தெரியாது. மூளை பூரா இதோடது, பேரு மட்டும் உங்க அண்ணன் புள்ளைக்கு. எதுக்கு நிறுத்துனீங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்." நைனா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நாற்காலியைக் காட்டி, "ஆடு" என்றார்.

முதல் முறையாக நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மவுஸ் நான் நினைத்ததைவிட இலேசாக இருந்தது. அம்பு திரையில் அங்குமிங்கும் ஓடியது, நைனா பின்னால் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஓர் அறை, அடுத்த அறை, அதற்கடுத்தது. கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டேன். கடைசிக் கதவில் ஐந்து முட்களையும் தண்ணீரின் வரிசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

கதவு திறந்தது. வெளியே ஈரமான ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், ஒரு விளக்குக் கம்பம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. ஹெட்போனில் சத்தமே இல்லை. அடியில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், பரிசோ பாட்டோ எதுவும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நின்னுபோச்சே" என்றார் நைனா, யாரிடமோ சொல்வது போல.

பாய் கத்திக் கூப்பிட வாயெடுத்தார், நான் தடுத்து, திரையை மூடினேன். "பாய், எனக்கு சீட்டு குடுங்க. ஆனா இது தொறந்ததுன்னு மட்டும் சொல்லுங்க, எப்படின்னோ உள்ள இன்னா இருந்துச்சுன்னோ யாருக்கும் சொல்லக்கூடாது." பாய் ஒரு நிமிடம் யோசித்தார். திறக்க முடியும் என்று தெரிந்தால் இன்னும் நாலு பேர் வந்து உட்காருவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "அல்லா மேல சொல்றேம்மா, வாய தொறக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நைனா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அப்படிக் கேட்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை. மறுநாள் ஏ ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஸ்கூல்ல கம்ப்யூட்டர் குரூப்பே எழுதிக் குடு" என்றார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். செய்தி கேட்டு ஓடிவந்த ராபர்ட், "சித்தப்பா, நீ பாத்தியாமே, கதவுக்கு அந்தாண்ட இன்னா இருந்துச்சு?" என்று கேட்டபோது, நைனா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எனக்கு இன்னாடா தெரியும் அதெல்லாம், நான் வெளிய நின்னுக்கினு இருந்தேன்" என்றார். பொய் சொல்வது அவருக்குப் பிடிக்காது. எனக்காக அந்த ஒரு பொய்யைச் சாகும்வரை காப்பாற்றினார். அன்று அவரை நான் மன்னித்துவிட்டேன், முழுசாக.

ராபர்ட் விடவில்லை. என் கல்யாணத்தில் மேடையேறி வாழ்த்தும்போது கேட்டான். பிள்ளை பிறந்து பார்க்க வந்தபோது கேட்டான். இரண்டு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, அங்கிருந்து போனில் கூப்பிட்டு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எத்தனையோ வரிசை போட்டுப் பார்த்தும் முழுகிக்கொண்டே இருப்பதாகச் சொன்னான். ஒவ்வொரு முறையும் "சொல்றேண்ணா, சொல்றேன்" என்று இழுத்தடித்தேன். கிண்ணங்களை அவன் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஜாபர் பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கேபின்களைப் பிரித்த பிளைவுட் எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. பாய் பழவேற்காட்டுக்கே திரும்பிப் போய், இப்போது உயிரோடு இல்லை. தேர்வு முடிவு பார்க்க யாரும் யாரையும் அழைத்துப் போவதில்லை, கையிலேயே வந்துவிடுகிறது. அந்த விளையாட்டுகளை பிரவுசரில் ஓடச்செய்த மென்பொருளையே சில வருடங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். பழைய முகவரியை அடித்துப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது. யார் யாரோ பழையவற்றைத் தேடிச் சேர்த்துவைக்கிறார்களாம், அவற்றில் தேடினேன், மழ ஊடு இல்லை. நைனாவும் போய்விட்டார். மழை நின்ற அந்தத் தெருவைப் பார்த்தவள் என்று எங்கள் ஊரில் இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

போன மாதம் ராபர்ட் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்கும் விழா. அவன் இப்போது புதுவாயலில் சொந்த வீடு கட்டி, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் சூப்பர்வைசராக இருக்கிறான், தலையில் பாதி நரைத்துவிட்டது. எனக்கென்று தட்டில் பிரியாணி போட்டு அவனே எடுத்துக்கொண்டு வந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எஸ்தரு, அந்த கேம் ஓடறதையே நிறுத்திட்டானுங்களாமே. இனிமே யாராலயும் தொறக்கவே முடியாதாம். இப்பயாச்சும் சொல்லேன். அந்தக் கதவுக்கு அந்தாண்ட இன்னாதான் இருந்துச்சு?"

அவன் குரல் உடைந்திருந்தது, விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கைப்பம்பருகே நின்று தன் சித்தப்பாவிடம் தான் சொன்னது பொய் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், கிண்ணத்தையும் தெருவையும் சேர்த்து. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்னா இருந்தாலும்," என்று சிரித்தான் அவன், "நான் தொணைக்கு இட்டுக்கினு போவலன்னா நீ கம்ப்யூட்டரையே கண்ணால பாத்துருக்க மாட்ட, இல்ல?"

"மறந்துட்டேண்ணா" என்றேன்.

"இன்னாது?"

"அதுல இன்னா இருந்துச்சுன்னு மறந்தே போச்சுண்ணா. எவ்ளோ வருசம் ஆச்சு!"

அவன் என்னையே பார்த்தான். நான் பொய் சொல்கிறேனா நிஜம் சொல்கிறேனா என்று என் முகத்தில் ஒவ்வொரு இடமாகத் தேடினான், அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனான், இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தான், மறுபடி போனான். பிரியாணி நன்றாக இருந்தது. பந்தியில் சொல்லி இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.